‘பெய்தால்’, ‘பெய்தும்’, ‘பெய்தாலும்’ : ஆங்கில நிபந்தனைத் தொடர்களைத் தமிழ்வழி அறிதல்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உப்பளத்தால் பெயர்பெற்ற ஊர் மரக்காணம். கழுவெளி என்னும் பரந்த நீர்ப்பரப்பும் பக்கிங்காம் கால்வாயும் அதற்கு அணித்தே உள்ளன. சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்நூலைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்திற்கு வடக்கே இன்றும் வழங்கி வருகிறது. பழந்தமிழ்ப் புலவர் நடமாடிய அந்நெய்தல் நிலத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் நம்மிடம் காட்டிய ஆங்கிலத் தாளே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்த தை மாதத்தில் உப்பளப் பணிகள் மீண்டும் தொடங்கும் வேளையில், அம்மாணவரின் தந்தையார் ஒருவரிடம் முன்பணம் பெற்றார். அதற்கென ஒப்பமிட்ட அச்சுப் படிவத்தின் படியையே மாணவர் கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு தொடர்: ‘இஃப் நோ சால்ட் வேர் மேட், த அட்வான்ஸ் வுட் ஸ்டில் பி பேயபிள்.’

“போன வருசக் கணக்கைத்தான் எழுதியிருக்காங்க ஐயா. அதனாலதான் அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்” என்றார் அவர்.

‘வேர்’ என்பது இறந்தகாலம். ஆகவே அத்தொடர் முடிந்துபோன பருவத்தைப் பற்றியது என அவர் கொண்டார். உண்மையில் அது வரவிருக்கும் பருவத்தைப் பற்றியது. ‘உப்பே எடுக்கப்படாவிட்டாலும் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும்’ என்பதே அதன் பொருள். காலமும் பிழைபட்டது, ‘உம்’ என்னும் இடைச்சொல்லின் பொருளும் விடுபட்டது. அம்மாணவர்க்கு மொழிபெயர்ப்பியல் தாளை நடத்தியவர்கள் நாமே. ‘வேர் என்றால் இருந்தனர், இறந்தகாலப் பன்மை’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர்களும் நாமே. எனவே பிழை அவருடையது மட்டுமன்று. அப்பிழை எங்ஙனம் நேர்கிறது, தமிழிலக்கண அறிவு கொண்டு அதை எங்ஙனம் தவிர்க்கலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

மழையும் நிபந்தனையும்

உப்பளத் தொழில் முழுவதும் ‘ஆல்’ விகுதியைச் சார்ந்து நடப்பது எனலாம். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை. அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலிலும் காற்றிலும் வற்றவைப்பர். அடர்த்தி 25 பாகையை எட்டினால் உப்புப் பூக்கத் தொடங்கும். 30 பாகையைக் கடக்கவிட்டால் கசப்புடைய பிற உப்புகளும் உடன் கலக்கும். இடையில் மழை பெய்தால் நீர் மீண்டும் நெகிழும். பூத்த உப்பும் கரையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும்.

உழவர்க்கு ‘மழை பெய்தால்’ என்பது வேண்டுதல். உப்பளத் தொழிலாளர்க்கு அதுவே அச்சம். கெடுப்பதும் கெட்டவரை எடுப்பதும் மழையே என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வான்சிறப்பு அதிகாரத்தில் வைத்துள்ளார். அவ்வதிகாரத்தை இலக்கண நோக்கில் பயில்வார்க்கு வேறொரு பயனும் உண்டு. அதன் பத்துக் குறள்களில் ஏழு குறள்கள் நிபந்தனைப் பொருளில் அமைந்தவை. பொய்ப்பின், குன்றிக்கால், வீழின், விடின், வறக்குமேல், எனின் என்று வெவ்வேறு வடிவங்கள் அங்கே வருகின்றன. ‘இன்’ ஈறும், ‘கால்’ ஈறும், ‘ஏல்’ ஈறும் ஒரே அதிகாரத்தில் அருகருகே நிற்கின்றன. நிபந்தனையை உணர்த்தத் தமிழ் எத்தனை வழிகளை வைத்திருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

செயின் என்பதும் செய்தால் என்பதும்

தொல்காப்பியரும் நன்னூலாரும் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணுமிடத்துச் ‘செயின்’ என்பதனையும் சேர்த்து எண்ணினர். நன்னூலார் அதனை எதிர்காலத்திற்கு உரிய எச்சங்களுள் வைத்தார். பெய்யின், வரின், காணின் முதலியன இவ்வாய்பாட்டின. இவற்றைப் பகுத்து நோக்கினால் பகுதியும் விகுதியும் மட்டுமே இருப்பதைக் காணலாம். பெய் + இன். இடையில் காலங்காட்டும் உறுப்பு ஏதும் இல்லை.

இன்றைய வழக்கில் ‘செயின்’ பெரும்பாலும் ஏட்டு வழக்காகிவிட்டது. ‘செய்தால்’ அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. ‘பெய்தால்’ என்பதைப் பகுத்தால் பெய் + த் + ஆல் என்றாகும். இதிலுள்ள ‘த்’ இறந்தகால இடைநிலை. பெய்தான், பெய்தது என்பவற்றில் இறந்தகாலத்தைக் காட்டும் அதே ‘த்’ தான் இங்கும் நிற்கிறது. ஆயினும், ‘நாளை மழை பெய்தால்’ என்று நாம் தயக்கமின்றிக் கூறுகிறோம். ‘நாளை’ என்னும் எதிர்காலச் சொல்லும் ‘த்’ என்னும் இறந்தகால உறுப்பும் ஒரே தொடரில் முரணின்றி அமைகின்றன. ஒருவரும் இதனைப் பிழை என்பதில்லை.

இதனால் அறியப்படுவது யாது? நிபந்தனை எச்சத்தில் வரும் இறந்தகால உறுப்பு நடந்து முடிந்ததைக் குறிப்பதன்று. நடந்ததாக மனத்தில் வைத்துக்கொண்டு மேலே பேசுவதற்குரிய அடையாளம். ‘பெய்தது என்று கொள்வோம், அப்பொழுது என்ன ஆகும்?’ என்பதே ‘பெய்தால்’ என்பதன் உட்பொருள்.

ஆங்கிலத்தில் ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ’ என்னும் தொடரைக் கண்டதும் நம் மாணவர், ‘நாளை என்றால் எதிர்காலம், ரெயின்ட் என்றால் இறந்தகாலம், இஃது எவ்வாறு பொருந்தும்?’ என்று மலைக்கின்றனர். ‘நாளை பெய்தால்’ என்பது எவ்வாறு பொருந்துகிறதோ அவ்வாறே இதுவும் பொருந்தும். தாய்மொழியில் நாள்தோறும் செய்வதையே வேற்றுமொழியில் கண்டு அவர்கள் அஞ்சுகின்றனர். ஆசிரியர் சுட்டிக்காட்டினால் அவ்வச்சம் நீங்கும்.

அரபு மொழியின் சான்று

நம் கல்லூரி மாணவர் பலர்க்கு இதனினும் நெருக்கமான சான்றொன்று உண்டு. ‘இன்ஷா அல்லாஹ்’ என்னும் தொடரை நாம் அன்றாடம் வழங்குகிறோம். ‘இறைவன் நாடினால்’ என்பது அதன் பொருள். அதிலுள்ள ‘இன்’ நிபந்தனையை உணர்த்தும் இடைச்சொல். ‘ஷாஅ’ என்பது ‘நாடினான்’ என்னும் இறந்தகால வினை. நாளை நடக்கவிருப்பதைப் பற்றியே அத்தொடரைச் சொல்கிறோம். வினை மட்டும் இறந்தகால வடிவில் நிற்கிறது. ‘நாடினால்’ என்னும் தமிழிலும் ‘இன்’ என்னும் இறந்தகால இடைநிலையே உள்ளது.

அரபு மொழி மற்றொரு நுட்பத்தையும் காட்டுகிறது. நடக்கக்கூடிய நிபந்தனைக்கு ‘இன்’ என்னும் சொல்லும், உண்மைக்கு மாறான நிபந்தனைக்கு ‘லவ்’ என்னும் சொல்லும் அதில் தனித்தனியே உள்ளன. தமிழில் அவ்விரண்டிற்கும் ‘ஆல்’ ஒன்றே. ஆங்கிலத்திலும் ‘இஃப்’ ஒன்றே. எனினும் ஆங்கிலம் அவ்வேறுபாட்டை வினைச்சொல்லின் வடிவத்தில் காட்டுகிறது. அதனை அடுத்துக் காண்போம்.

உண்மைநிலையும் கருதுநிலையும்

நடந்தது, நடப்பது, நடக்கக்கூடியது என்று பேசுவோன் ஏற்றுக்கொண்டு கூறும் வினையை ‘உண்மைநிலை’ என்போம். மனத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பதாகக் கூறும் வினையைக் ‘கருதுநிலை’ என்போம். ஆங்கில இலக்கணிகள் ‘சப்ஜங்டிவ்’ என்பது இப்பின்னதையே. பழைய ஆங்கிலத்தில் கருதுநிலைக்கெனத் தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. ஆங்கில வழக்கைப் பற்றி 1926இல் நூல் வெளியிட்ட ஃபவ்லர், ஒருசில வழக்குகளில் தவிர இவ்வினைநிலை மறையும் தறுவாயில் இருப்பதாகவே கருதினார். எனினும் அது முற்றும் மறைந்துவிடவில்லை. ‘இஃப் ஐ வேர்’, ‘இஃப் இட் வேர்’ என்று ஒருமையிலும் ‘வேர்’ வருவது அதன் எச்சமே. அங்கே ‘வேர்’ பன்மையுமன்று, இறந்தகாலமுமன்று. கருதுநிலையின் அடையாளம் என்று மட்டும் கொள்ளுதல் வேண்டும்.

உப்பளத்தைக் கொண்டே நான்கு தொடர்களை ஒப்பிடுவோம்.

1. ‘இஃப் த பிரைன் ரீச்சஸ் ட்வென்டி ஃபைவ் டிகிரீஸ், சால்ட் ஃபார்ம்ஸ்.’ உவர்நீர் 25 பாகையை எட்டினால் உப்புப் பூக்கும். இஃது இயற்கை நியதி. இரு வினைகளும் நிகழ்கால வடிவின.

2. ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, த சால்ட் வில் டிசால்வ்.’ நாளை மழை பெய்தால் உப்புக் கரையும். மேகம் திரண்டிருக்கிறது, பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்.

3. ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ, த சால்ட் வுட் டிசால்வ்.’ தமிழில் இதற்கும் ‘நாளை மழை பெய்தால் உப்புக் கரையும்’ என்றே எழுதுவோம். ஆனால் இதைச் சொல்பவர் மழையை எதிர்பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, ஒருவேளை என்று எண்ணிப் பார்க்கிறார்.

4. ‘இஃப் இட் ஹாட் ரெயின்ட் யெஸ்டர்டே, த சால்ட் வுட் ஹாவ் டிசால்வ்ட்.’ நேற்று மழை பெய்திருந்தால் உப்புக் கரைந்திருக்கும். பெய்யவில்லை, கரையவுமில்லை.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஆங்கிலம் வேறுபாடு காட்டுகிறது; தமிழ் காட்டுவதில்லை. நான்காவது தொடரிலும் தமிழ் சற்று நெகிழ்ந்தே நிற்கிறது. ‘நேற்று மழை பெய்திருந்தால் உப்புக் கரைந்திருக்கும்’ என்பதை இருவர் கூறலாம். ஒருவர் சென்னையில் இருப்பவர். மரக்காணத்தில் மழை பெய்ததா என்று அறியாதவர். மற்றவர் காய்ந்த பாத்தியின் வரப்பில் நிற்பவர். மழை பெய்யவில்லை என்று அறிந்தவர். முன்னவர் கூற்று ஐயம்; பின்னவர் கூற்று உண்மைக்கு மாறான கற்பனை. தமிழில் இருவர்க்கும் ஒரே தொடர் போதும். ஆங்கிலத்தில் முன்னவர், ‘இஃப் இட் ரெயின்ட் யெஸ்டர்டே, த சால்ட் வில் ஹாவ் டிசால்வ்ட்’ என்பார். பின்னவர் ‘ஹாட் ரெயின்ட்’, ‘வுட் ஹாவ்’ என்பார்.

முன்னவர் தொடரில் வரும் ‘ரெயின்ட்’ உண்மையாகவே இறந்தகாலம். மூன்றாம் தொடரில் வரும் ‘ரெயின்ட்’ கருதுநிலை. வடிவம் ஒன்றாயிருக்க, இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? இங்கும் தமிழிலக்கணமே துணைநிற்கிறது. எச்சம் முற்றைக் கொண்டு முடியும் என்பது நாம் பள்ளியிலேயே பயின்றது. முற்றினை நோக்காமல் எச்சத்திற்குப் பொருள் கூறலாகாது. அவ்வாறே ஆங்கிலத்தில் ‘இஃப்’ தொடரைக் கண்டால் அதன் வினையை மட்டும் நோக்கிக் காலத்தை முடிவு செய்யலாகாது. தலைமைத் தொடரின் வினையை முதலில் நோக்குதல் வேண்டும். அங்கே ‘வில்’, ‘ஷல்’ அல்லது நிகழ்கால வினை இருப்பின் பெரும்பாலும் உண்மைநிலை. ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’ இருப்பின் பெரும்பாலும் கருதுநிலை.

நம் மாணவர் கொண்டுவந்த தாளில் ‘வேர் மேட்’ என்பதைத் தொடர்ந்து ‘வுட் பி பேயபிள்’ என்றிருந்தது. ‘வுட்’ என்னும் ஒரு சொல்லை நோக்கியிருந்தாலே, அது சென்ற ஆண்டுக் கணக்கன்று என்பது விளங்கியிருக்கும்.

உம்மையின் ஆற்றல்

இனி, ‘உப்பு எடுக்கப்படாவிட்டால்’ என்பதற்கும் ‘எடுக்கப்படாவிட்டாலும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். நிபந்தனை எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்தால் அந்நிபந்தனை வலுவிழக்கிறது. ‘மழை பெய்தால் வேலை இல்லை’ என்னும்போது மழை வேலையைத் தடுக்கிறது. ‘மழை பெய்தாலும் வேலை உண்டு’ என்னும்போது மழை வந்தும் தடுக்க இயலாமல் நிற்கிறது. நன்னூலார் உம்மைக்குக் கூறிய எண்வகைப் பொருள்களுள் எச்சமும் ஒன்று. ‘பெய்தாலும்’ என்றவுடன் ‘பெய்யாவிட்டாலும்’ என்னும் சொல்லப்படாத மற்றொன்று உடன் எழுகிறது. ஆதலின் எச்சவும்மையின் சாயலை இங்கு நாம் காணலாம்.

அரபு மொழியிலும் இவ்வமைப்பே உள்ளது. ‘வ’ என்பது எண்ணும்மைப் பொருளுடைய இடைச்சொல். ‘லவ்’ நிபந்தனைச் சொல். இரண்டும் சேர்ந்து ‘வ லவ்’ என்றானால் ‘ஆனாலும்’ என்னும் பொருள் பிறக்கும். உருதுவில் ‘உம்’ பொருள் தரும் ‘பீ’ என்னும் சொல்லும் இவ்வாறு பயன்படும். வேறுவேறு மொழிக் குடும்பங்கள் ஒரே வழியைக் கண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழின் சிறப்பு இதனோடு நிற்கவில்லை. ‘பெய்தாலும்’ என்பதற்கு அருகே ‘பெய்தும்’ என்னும் மற்றொரு வடிவம் நம்மிடம் உண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல.

‘மழை பெய்தும் உப்பு எடுத்தோம்.’ இங்கே மழை பெய்தது உறுதி. செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு உம்மை சேர்ந்தது.

‘மழை பெய்தாலும் உப்பு எடுப்போம்.’ இங்கே மழை இன்னும் பெய்யவில்லை. பெய்வதாகக் கருதிக்கொண்டு பேசுகிறோம்.

முன்னது உண்மைநிலை; பின்னது கருதுநிலை. ‘வறியனாயிருந்தும் ஈந்தான்’ என்றால் அவன் வறியன் என்பது முடிந்த செய்தி. ‘வறியனாயினும் ஈவான்’ என்றால் வறியனோ அல்லனோ, அவன் ஈவான் என்பது கருத்து. முந்தைய ஆங்கிலம் இதே வேறுபாட்டை வினைவடிவால் காட்டியது. ‘தோ ஹி இஸ் பூவர்’ என்பது முன்னது. ‘தோ ஹி பி பூவர்’ என்பது பின்னது. ‘பி’ என்று காலங்காட்டாது நிற்கும் வினை, காலங்காட்டும் உறுப்பின்றி நிற்கும் நம் ‘செயின்’ வாய்பாட்டை ஒத்திருப்பதும் காண்க. இரண்டும் இன்று ஏட்டு வழக்காய்ச் சுருங்கின. இக்காலத்து ஆங்கிலம் முன்னதற்குத் ‘தோ’, ‘ஆல்தோ’ என்பனவற்றையும், பின்னதற்கு ‘ஈவன் இஃப்’ என்பதனையும் ஆள்கிறது.

பேச்சுத் தமிழில் ‘பெய்தாலும்’ என்பது சில இடங்களில் நடந்த செய்திக்கும் வரும். ‘நேற்று மழை பெய்தாலும் வேலைக்கு வந்துவிட்டார்’ என்பது போல்வன வழக்கில் உள்ளன. அவ்விடத்தும் ‘வந்துவிட்டார்’ என்னும் முற்றே பொருளைத் தெளிவிக்கிறது. முற்றை நோக்குக என்னும் நெறி இங்கும் பொருந்தும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நிபந்தனையில் தமிழ் நெகிழ்வாகவும் ஆங்கிலம் இறுக்கமாகவும் உள்ளன. இசைவுத் தொடரில், அதாவது ஒன்றை ஏற்றுக்கொண்டு அதற்கு மாறானதைச் சொல்லும் தொடரில், தமிழ் வினைவடிவத்திலேயே வேறுபாட்டை வைத்துள்ளது. ஆங்கிலமோ சொற்களை மாற்றிக் காட்டுகிறது. தன் மொழி எங்கே நெகிழ்கிறதோ அங்கேதான் மாணவர் இடறுவர். அவ்விடத்தை அறிந்து விளக்குவது ஆசிரியர் கடன்.

ஆங்கிலத்தில் ‘உம்’ நிற்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். தமிழில் அஃது எச்சத்தின் ஈற்றிலேயே ஒட்டி நிற்கும். காணாமல் விட இயலாது. ஆங்கிலத்திலோ சிலபோது ‘இஃப்’ என்பதற்கு முன்னே ‘ஈவன்’ என நிற்கும். சிலபோது தொடரைக் கடந்து தலைமை வினையருகே ‘ஸ்டில்’ என நிற்கும். நம் தாளில் இருந்தது இப்பின்னதே. ‘ஸ்டில்’ என்பதற்கு ‘இன்னும்’ என்று மட்டுமே பொருள் கற்றவர், அதுவே அத்தொடரின் உம்மை என்பதை எங்ஙனம் உணர்வார்?

‘இஃப்’ மறைந்து வரும் தொடர்கள்

ஒப்பந்தம், அரசாணை, சட்டம் ஆகியவற்றில் ‘இஃப்’ என்னும் சொல்லே இல்லாமலும் நிபந்தனை வரும். ‘ஷுட் இட் ரெயின்’, ‘வேர் இட் டு ரெயின்’, ‘ஹாட் இட் ரெயின்ட்’ என்று துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்து நின்றால், வினாக்குறி இல்லாதவிடத்து, அது பெரும்பாலும் நிபந்தனையே. இவை முறையே ‘ஒருவேளை மழை பெய்தால்’, ‘மழை பெய்வதாயின்’, ‘மழை பெய்திருந்தால்’ எனப் பொருள்படும். ‘ஷுட்’ என்றால் ‘வேண்டும்’ என்று மட்டும் பயின்றவர், ‘ஷுட் த சால்ட் பி லாஸ்ட்’ என்பதை ‘உப்பு அழிய வேண்டும்’ என்று பெயர்ப்பர். அது ‘உப்பு அழிய நேர்ந்தால்’ என்பதாகும்.

வேறு சில நிலைத்த தொடர்களில் கருதுநிலை நம் வியங்கோளை ஒத்து வரும். ‘லாங் லிவ்’ என்பது ‘நீடு வாழ்க’. ‘கம் வாட் மே’ என்பது ‘வருவது வரட்டும்’. ‘பி தட் ஆஸ் இட் மே’ என்பது ‘அஃது எவ்வாறாயினும் ஆகுக’. வாழ்த்துதற்குரிய வியங்கோள் வடிவம், ஒன்றைப் பொருட்படுத்தாமல் ஒதுக்குவதற்கும் பயன்படுவது இரு மொழிக்கும் பொது.

‘அன்லெஸ்’ என்பதில் எதிர்மறை உள்ளடங்கியுள்ளது. அது ‘பெய்தாலன்றி’, ‘பெய்தாலொழிய’ என்னும் வடிவங்களுக்கு இணை. ‘பெய்யாவிட்டால்’ என்பதை மனத்திற்கொண்டு அதனோடு மீண்டும் ‘நாட்’ சேர்த்தல் பிழை. ‘லெஸ்ட்’ என்பதும் இத்தகையதே. உப்புக் குவியலைக் கீற்றால் மூடுவது ‘லெஸ்ட் இட் ரெயின்’. அதாவது ‘மழை பெய்துவிடுமோ என்று’. அங்கே ‘ரெயின்’ என்பது ‘எஸ்’ பெறாமல் நிற்பதைக் காண்க. அதுவும் கருதுநிலையே.

பயிற்சி

மாணவர் கீழ்வரும் தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்தல் நலம்.

1. புயல் வந்தும் குவியல் கரையவில்லை.
2. புயல் வந்தாலும் குவியல் கரையாது.
3. கரை உயர்ந்திருந்தால் வெள்ளம் புகுந்திராது.
4. நான் உன் நிலையில் இருந்தால் ஒப்பமிட மாட்டேன்.
5. வெயில் அடித்தாலன்றி உப்பு விளையாது.

முதலாவதில் புயல் வந்தது உறுதியாதலின் ‘ஆல்தோ’ வரும். இரண்டாவதில் ‘ஈவன் இஃப்’ வரும். மூன்றாவதில் கரை உயராமையால் வெள்ளம் புகுந்தது எனக் கொண்டால் ‘ஹாட் பீன்’, ‘வுட் நாட் ஹாவ்’ என அமையும். நான்காவதில் பேசுவோன் கேட்போன் நிலையில் இல்லை. எனவே ‘இஃப் ஐ வேர்’, ‘வுட் நாட்’ என்று எழுதுதல் வேண்டும். ஐந்தாவதில் ‘அன்லெஸ்’ வரும். அதனோடு ‘நாட்’ சேராது. ஒவ்வொன்றிலும் ‘நடந்ததா, நடக்கக்கூடியதா, எண்ணிப் பார்ப்பதா?’ என்னும் வினாவை எழுப்பிய பின்னரே எழுதத் தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

தாள் நம் கைக்கு வருமுன்னரே அம்மாணவரின் தந்தையார் ஒப்பமிட்டுவிட்டார். அத்தொடரின் பொருளை நாம் விளக்கியபோது மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்பா என்னை நம்பித்தான் போட்டாரு ஐயா” என்றார். அம்முன்பணம் அடுத்து வந்த பருவம் முழுவதும் கூலியிலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டது என்று பின்னர் அவர் வாயிலாக அறிந்தோம். படிவத்தைச் சரியாகப் படித்திருந்தால் ஒப்பமிடாமல் இருந்திருப்பாரோ, வேறு வழியின்றி ஒப்பமிட்டிருப்பாரோ, நாம் அறியோம். ஆனால் அறிந்து ஒப்பமிடுவது வேறு. அறியாது ஒப்பமிடுவது வேறு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையைப் பெற்றோர் படிக்கத் தெரிந்தவர் என்று நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு நாமும் பொறுப்பாவோம்.

அவ்வாண்டு முதல் மொழிபெயர்ப்பியல் வகுப்பில் நாம் ஒரு மாற்றம் செய்தோம். ஆங்கில ‘இஃப்’ தொடர்களைத் தொடங்குமுன் செயின், செய்தால், செய்தும், செய்தாலும் என்னும் நான்கையும் கரும்பலகையில் எழுதுகிறோம். ‘நாளை பெய்தால்’ என்பதிலுள்ள ‘த்’ எக்காலம் என்று வினவுகிறோம். மாணவர் முதலில் ‘இறந்தகாலம்’ என்பர். பின்னர் ‘நாளை’ என்பதை நோக்கித் தயங்குவர். அத்தயக்கத்திலிருந்தே பாடம் தொடங்குகிறது.

தமிழ் பயின்றால் ஆங்கிலம் வராது என்று கூறுவார் உளர். தமிழிலக்கணத்தைத் தெளிவுறப் பயின்றவர்க்கு ஆங்கில இலக்கணத்தின் கடினமான இடங்களும் எளிதில் திறக்கும் என்பதே நாம் கண்டது. மாணவர் தம் கைக்கு வரும் ஒவ்வொரு தாளிலும் எச்சத்தை மட்டும் படித்து நின்றுவிடாமல் முற்றினையும் நோக்குவாராக. உம்மை எங்கே நிற்கிறது என்று தேடுவாராக. அதன் பின்னரே தாமும் ஒப்பமிட்டுத் தம் பெற்றோரையும் ஒப்பமிடச் சொல்வாராக.